கதைகளின் நதியும் ஒரு சித்திரக்காரரும்

(இளங்கலை வரலாறு, இரண்டாம் ஆண்டு)

சித்திரக்கதைக்கு நம் வீடுகளில் ஒரு தனி மரியாதை உண்டு. பாடப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படிக்க வேண்டிய பொருள் என்ற மரியாதைதான் அது. அப்படிப்பட்ட ஒன்றைப் பற்றிக் கல்லூரி ஆண்டு மலரில் எழுதத் துணிந்தமைக்குப் பேராசிரியப் பெருமக்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். நான் எழுதப் புகுவது மாயாவிகளைப் பற்றியோ துப்பறியும் வீரர்களைப் பற்றியோ அன்று. படம் வரைவதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர், ஓர் ஆற்றின் கதையை வரைந்தார். எந்தப் பெரிய பதிப்பகமும் அதை வெளியிடவில்லை. சிறியதோர் அமைப்பு 1994இல் அதை அச்சிட்டது. பிரதிகள் தீர்ந்தன, நூல் மறைந்தது. 28 ஆண்டுகள் கழித்து, 2022இல், நம் சென்னையிலுள்ள ஒரு சிறு பதிப்பகம் அதை மீண்டும் வெளிக்கொணர்ந்தது. அந்தச் சித்திரக்காரர் பெயர் ஒரிஜித் சென். நூலின் பெயர் ‘ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்’. கதைகளின் நதி என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

இந்த நூலுக்கும் எனக்கும் என்ன தொடர்பு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையில் என் ஆயாவின் வீடு இருந்தது. ‘இருந்தது’ என்று எழுதும்போதே மற்றது உங்களுக்கு விளங்கியிருக்கும். அந்த வீட்டில், கட்டிலுக்கு அடியில், என் மாமாவின் தகரப் பெட்டி ஒன்று உண்டு. அதில் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இதழ்கள் அடுக்கடுக்காக இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்க நான் கற்றது பள்ளியில் பாதி, அந்தப் பெட்டியில் பாதி. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. மறுநாள் எங்கள் தெரு இருந்த இடத்தில் ஆறுதான் இருந்தது. நீர் வடிந்து நாங்கள் திரும்பிச் சென்றபோது பெட்டி இருந்தது. புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சேற்றுக் கட்டியாகிக் கிடந்தன. மாமா அதைப் பிரிக்க முயலவே இல்லை. பெட்டியோடு தூக்கிக் குப்பை வண்டியில் போட்டார். அப்போது எனக்குப் பத்து வயது.

ஒரிஜித் சென் செய்தது எவ்வகையில் புதுமை என்பதை அறிய, அந்தப் பெட்டியிலிருந்த புத்தகங்களின் பிறப்பையும் கொஞ்சம் அறிய வேண்டும்.

முத்து காமிக்ஸின் முதல் இதழ் 1972 சனவரியில் சிவகாசியிலிருந்து வந்தது. அதைத் தொடங்கியவர் சௌந்திரபாண்டியன். அந்த முதல் இதழின் கதை ‘இரும்புக்கை மாயாவி’. ஆனால் மாயாவி சிவகாசிக்காரர் அல்லர், இங்கிலாந்துக்காரர். 1962 அக்டோபரில் லண்டனிலிருந்து வெளிவரத் தொடங்கிய ‘வேலியண்ட்’ என்ற சிறுவர் வார இதழில் பிறந்தவர். அவரை வரைந்தவரோ ஆங்கிலேயர்கூட அல்லர். ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. லண்டன் வார இதழுக்கு ஸ்பெயினில் வரைந்த படம் சிவகாசியில் தமிழ் பேசி, சைதாப்பேட்டைத் தகரப் பெட்டியில் வந்து தங்கியது!

ஆனால் அந்நாளில் அந்த ஆங்கில இதழ்களில் ஓவியர் பெயரை அச்சிடும் வழக்கமே இல்லை. படத்துக்கு உரிமை நிறுவனத்தினுடையது. ஓவியருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. அவ்வளவுதான். அந்தக் கதை எத்தனை மொழிகளில் எத்தனை லட்சம் விற்றாலும் வரைந்தவருக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. 1977இல் தொடங்கிய ‘2000 ஏ.டி.’ என்ற வார இதழ்தான் ஓவியர், எழுத்தாளர் பெயர்களைக் கதையோடு ஒழுங்காக அச்சிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. பிளாஸ்கோவின் பெயரை என் மாமா நாற்பது வயதுக்கு மேல்தான் கேள்விப்பட்டார். சிறு வயது முழுவதும் யாருடைய கோட்டைப் பார்த்து வளர்ந்தாரோ, அவர் பெயர் அவருக்குத் தெரியாது.

இந்நிலையைப் பொறாத சிலர் அதே இங்கிலாந்தில் வேறொரு வழி கண்டார்கள். தம் கதையைத் தாமே வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து, மடித்து, ஸ்டேப்ளர் போட்டு, தாமே விற்பது என்பதே அந்த வழி. 1981இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் நடக்கும் காமிக்ஸ் சந்தையில் பால் கிராவெட் என்பவர் ஒரு மேசையை வாடகைக்கு எடுத்தார். அதற்கு ‘ஃபாஸ்ட் ஃபிக்‌ஷன்’ என்று பெயர் வைத்தார். ஜெராக்ஸ் காமிக்ஸ் போடும் எவரும் தம் பிரதிகளை அங்கே கொண்டு வந்து வைக்கலாம். அந்த மேசையில் விற்றவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்தில் பிறந்த எடி கேம்ப்பெல். பகலில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை; மற்ற நேரத்தில் தம் சொந்த வாழ்க்கையையே ‘அலெக்’ என்ற பெயரில் படக்கதையாக வரைந்தார். மாயாவியும் இல்லை, மந்திரமும் இல்லை. நண்பர்கள், மதுக்கடை, காதல், வேலை இவ்வளவே கதை. பின்னாளில் ஆலன் மூர் எழுதிய ‘ஃபிரம் ஹெல்’ என்ற பெருநூலுக்குப் படம் வரைந்து உலகப் புகழ் பெற்ற அதே கேம்ப்பெல்தான்.

இது நமக்குப் புதிதன்று. 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோது அவர் பின்னால் எந்த நிறுவனம் இருந்தது? தம் புத்தகக் கட்டுகளைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர் அவர். நம்முடைய சிற்றிதழ்களுக்கு ஆதிமூலம் போன்ற ஓவியர்கள் பணத்தை எதிர்பாராமல் கோட்டோவியங்கள் வரைந்து தந்தார்கள். கவிதைக்கும் சிறுகதைக்கும் நாம் கண்ட சிற்றிதழ் வழியை, அவர்கள் படக்கதைக்குக் கண்டார்கள். தமிழில் அந்த வழியில் படக்கதை ஏன் பெருகவில்லை என்பது தனியே ஆராய வேண்டிய செய்தி. கவிதைக்கு ஒரு தாள் போதும்; படக்கதைக்கு ஓராண்டு உட்கார வேண்டும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி ஒரிஜித் சென்னிடம் வருவோம்.

இவர் 1963இல் பிறந்தவர். அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பயின்றவர். அந்த நிறுவனத்தில் படித்து வெளிவருவோருக்கு விளம்பர நிறுவனங்கள் கதவைத் திறந்து வைத்திருக்கும். இவர் வேறு வழியில் போனார். 1990இல் குர்பிரீத் சித்துவோடு சேர்ந்து புதுதில்லி கன்னாட் பிளேஸில், ரீகல் கட்டடத்தில், ‘பீப்பிள் ட்ரீ’ என்ற கடையைத் தொடங்கினார். கைவினைப் பொருள்கள், துணிகள், புத்தகங்கள், படம் அச்சிட்ட பனியன்கள் ஆகியவை அங்கே விற்றன. சித்திரக்காரர் ஒருவர் பனியன் விற்கலாமா என்று கேட்பவர்கள், எடி கேம்ப்பெல் தகடு வெட்டியதை நினைத்துக்கொள்ள வேண்டும். சோறு போடும் வேலை ஒன்று, மனம் விரும்பும் வேலை ஒன்று என்று இரண்டு மாடு பூட்டித்தான் இத்தகையோரின் வண்டி ஓடுகிறது. ஒரே மாட்டில் ஓட்டியவர்கள் மிகச் சிலரே.

அந்த ஆண்டுகளில் வட இந்தியாவில் பற்றி எரிந்த ஒரு கேள்வி நர்மதை. சர்தார் சரோவர் அணைக்கு 1961 ஏப்ரலில் நேரு அடிக்கல் நாட்டினார். ஆனால் நீரையும் அணையின் உயரத்தையும் பற்றி மாநிலங்களுக்கிடையே தகராறு எழுந்தது. 1969இல் அமைக்கப்பட்ட நடுவர் மன்றம் 1979இல் தீர்ப்பளித்தது; உயரம் 455 அடி, அதாவது 138.68 மீட்டர். 1985இல் உலக வங்கி 45 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. நீரில் மூழ்கப் போகும் ஊர்களில் பெரும்பங்கு பழங்குடியினரின் ஊர்கள். மேதா பட்கர் முதலியோர் தலைமையில் நர்மதை பாதுகாப்பு இயக்கம் வளர்ந்தது. 1989 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தில் ஹர்சூத் என்ற ஊரில் பல்லாயிரவர் கூடினர். உலக வங்கி நியமித்த மோர்ஸ் குழு 1992இல் திட்டத்தைக் கடுமையாகக் குறை கூறியது. அதற்கடுத்த ஆண்டு அக்கடனின் எஞ்சிய பகுதி வேண்டாம் என்று இந்திய அரசு கூறிவிட்டது. 2000 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அணையைக் கட்ட அனுமதித்தது. 2017 செப்டம்பர் 17இல் அணை முழு உயரத்தோடு நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. வரலாற்றுத் தேர்வுக்கு இவ்வளவு போதும். முழு மதிப்பெண் கிடைத்தாலும் கிடைக்கும். ஆனால் இந்தத் தேதிகளுள் ஒன்றிலும் ஒரு மனித முகம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்த முகத்தைத்தான் ஒரிஜித் சென் வரைந்தார். நர்மதைப் பள்ளத்தாக்குக்குச் சென்றார்; இயக்கத்தாரோடும் ஊராரோடும் தங்கினார்; பார்த்ததை வரைந்தார். பல ஆண்டு உழைப்புக்குப் பின் 1994இல் நூல் வெளிவந்தது. வெளியிட்டது ‘கல்பவிருக்ஷ்’ என்ற சுற்றுச்சூழல் அமைப்பு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அச்சுச் செலவுக்குப் பயன்பட்டது நடுவண் அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் அந்த அமைப்புக்கு அளித்த ஒரு சிறு நிதியுதவி! அரசின் ஒரு கை கட்டியதை மறு கை கேள்வி கேட்டது என்று சொல்லலாம். அரசு என்பது ஒரே ஆள் அல்லவே.

நூலின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விஷ்ணு, தில்லியில் வாழும் இளம் பத்திரிகையாளன். அவன் வீட்டில் வேலை செய்யும் பெண் ரெல்கு. அவள் பள்ளத்தாக்கிலிருந்து பெயர்ந்து வந்தவள். ஒருநாள் பேச்சுவாக்கில் அவள் தன் கதையைச் சொல்கிறாள். அதுவரை அவளை வேலைக்காரியாக மட்டுமே கண்டவனுக்கு, அவள் பின்னால் ஒரு காடும் ஓர் ஆறும் ஓர் ஊரும் இருப்பது தெரிகிறது. ரேவா சாகர் அணையை எதிர்க்கும் மக்களைப் பற்றி எழுத அவன் புறப்படுகிறான். (ரேவா என்பது நர்மதையின் பழம்பெயர்.) இது ஓர் இழை. மற்றோர் இழை, மல்கு காயன் என்ற பாடகன் தன் இசைக்கருவியை மீட்டிப் பாடும் உலகப் படைப்புக் கதை. குஜும் சந்து என்ற தாய் உலகைப் படைத்த கதை அது. பழங்குடியினரின் படைப்புக் கதைகளை அடியொற்றியது. இரண்டு இழைகளும் மாறி மாறி வருகின்றன. பாட்டு ஒரு பக்கம், பத்திரிகைச் செய்தி ஒரு பக்கம். படிக்கப் படிக்க இரண்டும் ஒரே ஆற்றின் இரு கரைகள்போலத் தோன்றுகின்றன.

படக்கதையால் மட்டுமே ஆகக்கூடிய ஒன்று இங்கேதான் நிகழ்கிறது. எழுத்தில் ‘இனி புராணத்துக்குப் போவோம்’ என்று ஆசிரியர் நம் கையைப் பிடித்து அழைத்துச் செல்ல வேண்டும். சித்திரக்காரருக்கு அந்த அவசியம் இல்லை. கோட்டை மாற்றினால் போதும். நூல் முழுதும் கறுப்பு வெள்ளைதான். தில்லிப் பகுதியில் தெளிவான பேனாக் கோடு, கட்டம் கட்டமான பக்கம்; புராணப் பகுதியில் பழங்குடி ஓவியத்தின் சாயல், தளர்ந்து ஓடும் வடிவங்கள். பக்கத்தைத் திருப்பியதும் நாம் எங்கே இருக்கிறோம் என்பதைக் கண் சொல்லிவிடுகிறது. நான் பள்ளி முழுதும் தமிழ்வழியில் படித்தவன். நூல் ஆங்கிலத்தில் உள்ளது. ஆங்கிலம் தடுக்கிய இடங்களிலெல்லாம் படம் எனக்குக் கைகொடுத்தது.

இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. ஒரிஜித் சென் பழங்குடியினர் அல்லர். நகரத்தில் வாழ்பவர், வடிவமைப்புப் படித்தவர். பழங்குடியினர் குரலில் தாம் பேசுவதாக அவர் நடிக்கவில்லை. விஷ்ணு என்ற வெளியாளை நடுவில் நிறுத்தியிருக்கிறார். அவனுக்குத் தெரியாதது நிறைய, கேட்டுக்கொள்கிறான். கதை சொல்லும் உரிமை ரெல்குவிடமும் பாடகனிடமும் இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. அணை வேண்டும் என்பவர்களை நூல் கேலிச் சித்திரமாகவே காட்டுகிறது. கட்ச், சௌராஷ்டிரப் பகுதிகளில் குடிநீருக்குக் குடத்தோடு நடந்த பெண்களும் ஏழைகள்தாம். அவர்கள் தாகத்துக்கு நூலில் போதிய இடம் இல்லை என்பது என் கருத்து. போராட்டத்தின் நடுவில் நின்று எழுதப்பட்ட நூலில் அதை எதிர்பார்ப்பது சரியா என்று எனக்கு நூலைக் கொடுத்த ஆங்கிலத் துறைப் பேராசிரியர் கேட்டார். அவரோடு இதுபற்றி இன்னும் வழக்கு முடியவில்லை.

நூல் வெளிவந்தபோது இந்தியப் பத்திரிகைகள் அதைப் பெரிதாகக் கொண்டாடிவிடவில்லை. அதற்கு இரண்டாண்டு முன்புதான், 1992இல், அமெரிக்காவில் ஆர்ட் ஸ்பீகல்மன் தம் ‘மௌஸ்’ என்ற படக்கதைக்குப் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றிருந்தார். யூதர்களை எலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் வரைந்து, தம் தந்தையின் வதைமுகாம் வாழ்வைச் சொன்ன நூல் அது. படக்கதை பெரியவர்களுக்கும் உரியது என்பதை மேல்நாடு ஒப்புக்கொண்டுவிட்டது. இங்கே 1967 முதல் வந்துகொண்டிருந்த அமர் சித்திரக் கதைகளைத் தாண்டிப் படக்கதைக்கு ஓர் அலமாரியே கடைகளில் இல்லை. ‘கதைகளின் நதி’யை எந்தத் தட்டில் வைப்பது என்று கடைக்காரருக்குத் தெரியாது. குழந்தைகள் தட்டிலா, சுற்றுச்சூழல் தட்டிலா? கையிலிருந்து கைக்குப் போய்த்தான் அது பரவியது. 2004இல் சார்நாத் பானர்ஜியின் ‘காரிடர்’ பெரிய பதிப்பகத்தின் மூலம் வந்தபோது, அதுவே இந்தியாவின் முதல் கிராஃபிக் நாவல் என்று விளம்பரம் செய்யப்பட்டது. பத்தாண்டு முன்னரே ஒன்று வந்துவிட்டதே என்று பின்னர் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். இன்று முதல் இடம் ‘கதைகளின் நதி’க்கே என்பது பலரும் ஒப்பும் செய்தி.

அதன் பின் அவருடைய வாழ்க்கை எப்படிப் போயிற்று? ஒரே கோட்டில் போகவில்லை. பானர்ஜி உள்ளிட்ட சக சித்திரக்காரர்களோடு ‘பாவ்’ என்ற கூட்டமைப்பை உருவாக்கினார். அவர்களின் தொகுப்பு நூல் 2012இல் வந்தது. பஞ்சாபில் ஆனந்தபூர் சாகிபில் 2011இல் திறக்கப்பட்ட ‘விராசத்-ஏ-கால்சா’ அருங்காட்சியகத்தில் பஞ்சாப் மக்களின் வாழ்வைக் காட்டும் மாபெரும் சுவரோவியம் அவர் தலைமையில் உருவானது. ஜெராக்ஸ் அளவுப் பக்கத்தில் பழகிய கை, பல மாடி உயரச் சுவரை நிரப்பியிருக்கிறது! கோவாப் பல்கலைக்கழகத்தில் மரியோ மிராண்டா பெயரிலான இருக்கையில் வருகைப் பேராசிரியராக இருந்து, மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மாப்புசா சந்தைக்குப் போய், அங்கு விற்பவர்களையும் பொருள்களையும் வரைய வைத்தார். அண்மை ஆண்டுகளில் இளையோருக்கான ‘காமிக்ஸென்ஸ்’ என்ற படக்கதை இதழின் ஆசிரியராகப் பணியாற்றியிருக்கிறார். இவற்றுள் எதுவும் 1994 நூலைப்போன்ற மற்றொரு தனிப் பெருங்கதை அன்று. அது எனக்குச் சற்று ஏமாற்றமே. ஆனால் கடை, சுவர், வகுப்பறை என்று பரந்த ஒருவரிடம், ஏன் இன்னொன்று வரையவில்லை என்று கேட்க நான் யார்? ஓராண்டு உட்கார யார் அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள்?

நூல் 2022இல் சென்னைக்கு வந்தது பிளாஃப்ட் பதிப்பகத்தின் வழியாக. 2008இல் தமிழ்ப் பாக்கெட் நாவல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ஒரு தொகுப்பு வெளியிட்டார்களே, அவர்கள்தாம். அப்புப்பென் என்ற பெயரில் வரையும் ஜார்ஜ் மாத்தனின் ‘மூன்வார்ட்’ நூலையும் 2009இல் வெளியிட்டவர்கள். அருந்ததி ராயின் முன்னுரையோடு ‘கதைகளின் நதி’ அங்கிருந்து மீண்டும் புறப்பட்டது. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானப் புத்தகக் காட்சியில் ஒரு கடையில் நின்று நான் அதைப் புரட்டினேன். விலை பார்த்து வைத்துவிட்டேன். மறுவாரம் மேற்சொன்ன பேராசிரியர் தம் பிரதியையே தந்தார்.

ரெல்கு விஷ்ணுவின் வீட்டில் வேலை செய்யும் பக்கங்களில் நான் நின்றுவிட்டேன். என் ஆயா தியாகராய நகரில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர். வெள்ளத்துக்குப் பிறகு சைதை ஆற்றங்கரைக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். எங்கள் தெருவின் முறை 2017இல் வந்தது. ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். சில மாதங்கள் ஆயா விடிகாலைப் பேருந்தில் வந்து வேலை செய்துவிட்டுத் திரும்பினார். பிறகு முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மூன்று வீடுகளில் எவரேனும், ஆயா எங்கிருந்து வருகிறார் என்று கேட்டிருப்பார்களா என்பது எனக்குத் தெரியவில்லை. நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும்: புதிய வீட்டில் தண்ணீர் ஏறுவதில்லை, மழை பெய்தால் ஆயா இப்போது தூங்குகிறார். பழைய வீட்டில் ஐப்பசி பிறந்தால் அவருக்குத் தூக்கம் இருந்ததில்லை. இரண்டும் உண்மை.

நூலை முடித்ததும் நானும் ஒன்று வரையத் தொடங்கினேன். எட்டுப் பக்கம். தலைப்பு ‘எங்கள் தெரு’. இதில் நான் கற்றதைச் சொல்கிறேன். ஆர்வமுள்ள நண்பர்களுக்குப் பயன்படும். இரண்டு ஏ4 தாள்களை நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்று வைத்தால் எட்டுப் பக்கச் சிறு புத்தகம். ஆனால் பக்கங்கள் வரிசையாக வரா. வெளித்தாளின் ஒருபுறம் எட்டும் ஒன்றும், மறுபுறம் இரண்டும் ஏழும் வர வேண்டும். உள்தாளில் ஆறும் மூன்றும் ஒருபுறம், நான்கும் ஐந்தும் மறுபுறம். இதை அறியாமல் முதல் முறை எடுத்த ஜெராக்ஸில் வெள்ளம் வடிந்த பிறகு மழை தொடங்கியது! புத்தகத்தின் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் புரிந்தது. பென்சிலில் முதலில் போட்டு, பிறகு கறுப்பு மை. மெல்லிய சாயல்கள் ஜெராக்ஸில் மறைந்துவிடும். கோடு தடிப்பாக இருக்க வேண்டும். வசனத்தை முதலில் எழுதிவிட்டுப் பிறகு குமிழி வரைய வேண்டும். மாற்றிச் செய்தால் தமிழ் எழுத்து அடங்காது. நம் சொற்கள் நீளமானவை. இருபது பிரதிக்கு எண்பது பக்க ஜெராக்ஸ். பக்கம் ஒரு ரூபாய். பாலத்துக்கு இப்பால் உள்ள கடையில் எடுத்தேன். 1726இல் ஆர்மேனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் தம் பணத்தில் முதல் பாலம் கட்டினாரே, அதே இடம். அவர் பெயர் பொறித்த கல் சைதை முனையில் நிறுவப்பட்டது. ஓவியருக்குக் கிட்டாத பெயர்ப் பொறிப்பு பாலம் கட்டியவருக்குக் கிட்டியது.

முதல் பிரதியை மாமாவுக்குக் கொடுத்தேன். அவர் பேசாமல் படித்தார். பின்னட்டையில் என் பெயர் இருந்ததை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டாவது பிரதியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரும்பாக்கம் போனேன். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். நான் வசனத்தைப் படித்துக்காட்டப் போனேன். வேண்டாம் என்று கையமர்த்தினார்.

‘‘இன்னாடா இது, என் மூக்க இம்மாம் பெருசா போட்டுக்கிற?’’ என்றார் முதலில். பிறகு மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினார். எங்கள் தெரு முழுவதையும் ஆற்றிலிருந்து பார்ப்பதுபோல நான் வரைந்த பக்கம் அது.

‘‘முருங்க மரம் இந்தாண்ட இல்லடா. குழாயாண்ட. நம்ம ஊட்டுக்கும் ராணியம்மா ஊட்டுக்கும் நடுவால. அந்த மரத்துலதான் தண்ணி வந்த அன்னிக்கு ஆட்ட ஏத்திக் கட்டுனோம்.’’

ஆட்டைக் கட்டியது எனக்கு நினைவில்லை. ஆயா பென்சிலை வாங்கி, படத்தின் மேலேயே, குழாயின் பக்கத்தில், ஒரு கோடும் நாலு கிளையும் இழுத்தார். கையை எடுக்காமல் அடுத்த வீட்டு வாசற்படி, பால்காரர் சைக்கிள் சாத்தும் இடம், மாரியம்மன் கல் என்று ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனார். மாமி தேநீர் கொண்டுவந்து வைத்து ஆறிப்போயிற்று. இரண்டாம் பதிப்பு பன்னிரண்டு பக்கம் ஆகும் என்று நினைக்கிறேன்.